மிடில்செக்ஸ் இருக்கிறதா, இல்லையா?

கேள்வி: "மிடில்செக்ஸ் என்ற கவுண்டி 1965-லேயே ஒழிக்கப்பட்டுவிட்டது என்று படித்தேன். ஆனால் அந்தப் பெயரில் கிரிக்கெட் அணி இன்னும் ஆடுகிறது. லண்டன் ஹாரோவில் இருக்கும் என் சித்தப்பா முகவரியில் மிடில்செக்ஸ் என்றுதான் எழுதுகிறார். யார்க்‌ஷயர், லங்காஷயர் எல்லாமும் இப்படித்தானா? இவையெல்லாம் உண்மையில் இருக்கின்றனவா, வெறும் பெயர்தானா?"

உங்கள் சித்தப்பா எழுதுவதில் தப்பே இல்லை. 1965 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒழிந்தது மிடில்செக்ஸ் கவுண்டி கவுன்சில். அந்தப் பெயரில் வரி வாங்கி, சாலை போட்டு, பள்ளிக்கூடம் நடத்திய நிர்வாகம் அது. அந்த நிர்வாகத்துக்கு அப்போது வயது 76. மிடில்செக்ஸ் என்ற பெயருக்கு வயது ஆயிரத்துக்கு மேல். நான் ஹாரோவில் இருபது வருடத்துக்கு மேல் குடியிருப்பவன், இந்த விஷயத்தில் நடுநிலை வகிப்பவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவுன்சில் போனது, மிடில்செக்ஸ் போகவில்லை என்பதுதான் என் கட்சி.

எங்கள் அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலேயப் பாட்டி இருந்தார். டிசம்பர் பிறந்தால் சாப்பாட்டு மேசையில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒவ்வொரு உறையின் பின்பக்கமும் தன் முகவரி: வீட்டு எண், தெரு, ஹாரோ, அதற்குக் கீழே எம்-ஐ-டி-டி-எக்ஸ் என்று ஐந்து எழுத்து. மிடில்செக்ஸின் சுருக்கம். "இப்போது இதை எழுதத் தேவையில்லையாமே" என்று ஒருமுறை கேட்டேன். "நான் வீடு மாறவே இல்லையே தம்பி, எதற்கு மாற்றி எழுத வேண்டும்?" என்றார். எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததே அந்த ஒரு பதிலால்தான்.

சரி, அடியிலிருந்து வருவோம். ஷயர் என்பது ஆங்கிலோ-சாக்சன் காலத்துச் சொல். அரசன் தன் நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள ஓர் அதிகாரியை வைத்தான். அந்த அதிகாரிக்குப் பெயர் ரீவ். ஷயரின் ரீவ் என்பது வாயில் தேய்ந்து ஷெரீஃப் ஆகிவிட்டது. சென்னையிலும் நெடுங்காலம் ஷெரீஃப் என்று ஒரு கௌரவப் பதவி இருந்ததே, அந்தச் சொல் புறப்பட்ட இடம் இதுதான். 1066-ல் நார்மன்கள் வந்து கவுண்டி என்ற தங்கள் பிரெஞ்சுச் சொல்லைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே பொருளில் நிலைத்தன. 1086-ல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே நிலக் கணக்கைப் பார்த்தால், அது கவுண்டி வாரியாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. லங்காஷயர் போன்ற சில மட்டும் அதற்குப் பிறகு உருவானவை. மொத்தம் 39 என்பது வழக்கமான கணக்கு.

பெயர்களை உடைத்துப் பார்த்தால் பல கவுண்டிகள் நிலத்தின் பெயரை விட்டுவிட்டு, அங்கே வாழ்ந்த சனத்தின் பெயரைத் தாங்கியிருப்பது தெரியும். எசெக்ஸ் கிழக்குச் சாக்சன்கள், சசெக்ஸ் தெற்குச் சாக்சன்கள், மிடில்செக்ஸ் இடையில் இருந்த சாக்சன்கள். நார்ஃபோக் வடக்குச் சனம், சஃபோக் தெற்குச் சனம். கம்பர்லண்டு என்பது வேல்ஸ் மக்களின் முன்னோர் இனத்தவர் வாழ்ந்த நிலம். ஒரு கூட்டம் தன்னைத் தானே அழைத்துக்கொண்ட பெயரை அலுவலக ஆணையால் துடைத்துவிட முடியாது என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

குழப்பம் எங்கே ஆரம்பித்தது என்றால், பலரும் சொல்கிற 1974-ல் இல்லை; 1889-ல். அந்த வருடம்தான் கவுண்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சில்கள் வந்தன. அதுவரை கவுண்டி என்றால் ஒரு நிலப்பரப்பு, அதற்கு ஒரு ஷெரீஃப், ஒரு நீதிமன்றம், ஒரு படை. இப்போது அதே பெயரில் ஓர் உள்ளாட்சி அமைப்பும் சேர்ந்துகொண்டது. ஒரே பெயர், இரண்டு பொருள். அதே வருடம் லண்டன் நகரம் ஊதிப் பெருத்துவிட்டதால் மிடில்செக்ஸ், சர்ரே, கென்ட் மூன்றிலிருந்தும் துண்டு வெட்டி லண்டன் கவுண்டி என்று ஒன்றை உண்டாக்கினார்கள். கிரிக்கெட் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சர்ரே அணியின் ஓவல் மைதானம் இருக்கும் கென்னிங்டன் அன்றைக்கே சர்ரே நிர்வாகத்தை விட்டு வெளியே போய்விட்டது. 130 வருடத்துக்கு மேலாகச் சர்ரே அணி, சர்ரே கவுன்சிலுக்கு வெளியே உள்ள மைதானத்தில்தான் ஆடிக்கொண்டிருக்கிறது. யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் கென்னிங்டன் சர்ரேயில் இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

1965-ல் கிரேட்டர் லண்டன் வந்தபோது மிடில்செக்ஸின் பெரும்பகுதி அதற்குள் போனது. பாட்டர்ஸ் பார் மட்டும் ஹெர்ட்ஃபோர்ட்ஷயருக்கு. ஸ்டேன்ஸ், சன்பரி பக்கம் சர்ரேக்கு. தேம்ஸுக்குத் தெற்கே இருந்த சர்ரே அன்று முதல் நதியைத் தாண்டி வடக்கேயும் கொஞ்சம் வைத்திருக்கிறது. மறுபக்கம், சர்ரேயின் தலைமை அலுவலகம் இருந்த கிங்ஸ்டன் ஊரே லண்டனுக்குள் போய்விட்டது. ஆனாலும் சர்ரே கவுன்சில் அங்கிருந்து நகரவில்லை. 2020 கடைசி வரை, அதாவது 55 வருடம், தன் எல்லைக்கு வெளியே உள்ள கட்டடத்தில் இருந்துகொண்டு சர்ரேயை நிர்வகித்தார்கள்.

மிடில்செக்ஸ் கவுன்சிலின் கட்டடம் என்ன ஆனது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாடாளுமன்றச் சதுக்கத்தில், வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு எதிரே, வெள்ளைக் கல்லில் நுணுக்கமாகச் செதுக்கிய கட்டடம் ஒன்று நிற்கும். அதுதான் மிடில்செக்ஸ் கில்ட்ஹால். 1913-ல் கட்டி முடித்தது. 2009 முதல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதில்தான் நடக்கிறது. நாட்டின் கடைசித் தீர்ப்பு, இல்லாமல் போனதாகச் சொல்லப்படும் ஒரு கவுண்டியின் மாளிகையிலிருந்து வருகிறது. லண்டன் வரும் சொந்தக்காரர்களை அந்தப் பக்கம் கூட்டிப் போனால் பிக் பென்னைக் காட்டிவிட்டு உடனே இந்தப் பக்கம் திருப்பிவிடுவேன்.

1974-ல் நாடு முழுக்கப் பெரிய வெட்டு விழுந்தது. 1972-ல் போட்ட உள்ளாட்சிச் சட்டம் அந்த வருடம் ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்தது. நகரங்கள் பழைய எல்லைகளை மீறி வளர்ந்துவிட்டன, நிர்வாகம் அதற்கு ஏற்ப மாற வேண்டும் என்பது காரணம். அது நியாயமான காரணம்தான். கம்பர்லண்டும் வெஸ்ட்மர்லண்டும் சேர்ந்து, பக்கத்துத் துண்டுகளோடு கம்ப்ரியா ஆயின. ரட்லண்டை லெஸ்டர்ஷயரோடும், ஹண்டிங்டன்ஷயரைக் கேம்பிரிட்ஜ்ஷயரோடும் சேர்த்தார்கள். ஹெரஃபோர்டுக்கும் வூஸ்டருக்கும் கட்டாயக் கல்யாணம் நடந்தது. கிரேட்டர் மான்செஸ்டர், மெர்சிசைடு, ஹம்பர்சைடு, ஏவன், கிளீவ்லண்டு என்று புதுப் பெயர்கள் முளைத்தன. இவை நிர்வாக எல்லைகள் மட்டுமே, பழைய கவுண்டிகளின் எல்லையோ அங்குள்ளவர்களின் பற்றோ இதனால் மாறாது என்று அரசுத் தரப்பே அப்போது சொன்னது. ஆனால் வரைபடம் அச்சிடுகிறவர்களும் பாடப்புத்தகம் எழுதுகிறவர்களும் அதைக் காதில் வாங்கவில்லை. "ஒழிக்கப்பட்டது" என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது அப்படித்தான்.

யார்க்‌ஷயர்க்காரர்கள் இதைச் சும்மா விடவில்லை. அந்தக் கவுண்டி இங்கிலாந்திலேயே பெரியது. ரைடிங் என்ற மூன்று பாகமாகப் பிரிந்திருந்தது. ரைடிங் என்பதற்குக் குதிரைச் சவாரியோடு சம்பந்தமில்லை. வைக்கிங்குகளின் மொழியில் மூன்றில் ஒரு பங்கு என்று பொருள். 1974-ல் மூன்று ரைடிங்குகளும் நிர்வாக வரைபடத்திலிருந்து போயின. ஓரத்து ஊர்கள் சில லங்காஷயருக்கும் கம்ப்ரியாவுக்கும் கிரேட்டர் மான்செஸ்டருக்கும் போயின. மறு வருடமே, 1975 ஆகஸ்ட் 1-ல், பெவர்லி ஊரில் யார்க்‌ஷயர் ரைடிங்ஸ் சங்கம் முதல் யார்க்‌ஷயர் தினத்தைக் கொண்டாடியது. கொண்டாட்டம் என்பதைவிட எதிர்ப்பு என்பதே சரி. அன்று முதல் ஒவ்வொரு ஆகஸ்ட் 1-லும் யார்க் நகரின் கோட்டை வாயில்களில் ஓர் உறுதிமொழியை உரக்கப் படிக்கிறார்கள்: யார்க்‌ஷயர் என்பது மூன்று ரைடிங்குகளும் யார்க் நகரமும் சேர்ந்தது என்று. கிழக்கு ரைடிங் 1996-ல் நிர்வாகப் பெயராகவே திரும்பி வந்துவிட்டது.

சேடில்வர்த் என்ற மலைக் கிராமக் கூட்டம் பென்னைன் மலைக்கு மேற்கே, லங்காஷயர் பக்கச் சரிவில் இருக்கிறது. நிர்வாகப்படி ஓல்டம், கிரேட்டர் மான்செஸ்டர். பழைய கணக்கில் யார்க்‌ஷயரின் மேற்கு ரைடிங். அங்கே போனால் வெள்ளை ரோஜாவைப் பார்க்கலாம். வெள்ளை ரோஜா யார்க்கின் சின்னம், சிவப்பு ரோஜா லங்காஸ்டரின் சின்னம். 15-ஆம் நூற்றாண்டில் அரியணைக்காக அடித்துக்கொண்ட இரண்டு குடும்பங்களின் அடையாளம். இன்று யார்க்‌ஷயரும் லங்காஷயரும் மோதும் கிரிக்கெட் ஆட்டத்துக்கு ரோஸஸ் மேட்ச் என்றே பெயர். லங்காஷயரின் கொடியில் சிவப்பு ரோஜா மஞ்சள் துணியில் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வெள்ளைத் துணியில் சிவப்பு ரோஜா வைத்த கொடியை ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் நகரம் முன்பே பதிந்து வைத்திருந்தது.

கிரிக்கெட்டுக்கு வந்துவிட்டோம். தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் இந்தப் பெயர்களை முதலில் கேட்டதே விளையாட்டுப் பக்கத்தில்தான் இருக்கும். வெங்கட்ராகவன் 1973 முதல் 75 வரை டார்பிஷயருக்கு ஆடினார். முரளிதரன் 1999-ல் லங்காஷயருக்கு வந்தார், பிறகு கென்டுக்கும் ஆடினார். அஸ்வின் வூஸ்டர்ஷயர், நாட்டிங்ஹாம்ஷயர், சர்ரே மூன்றுக்கும் ஆடியிருக்கிறார். கவுண்டி சாம்பியன்ஷிப் முறைப்படி 1890-ல் தொடங்கியது. முதல்தர அணிகள் 18. அதில் கிளமோர்கன் மட்டும் வேல்ஸ் நாட்டுக் கவுண்டி. உள்ளாட்சிக்காரர்கள் எத்தனை முறை எல்லையை மாற்றினாலும் கிரிக்கெட் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லங்காஷயரின் ஓல்டு ட்ராஃபர்டு 1974 முதல் கிரேட்டர் மான்செஸ்டரில் இருக்கிறது. வார்விக்‌ஷயரின் எட்ஜ்பாஸ்டன் பர்மிங்காமில், அதாவது வெஸ்ட் மிட்லண்ட்ஸில். மிடில்செக்ஸின் லார்ட்ஸ் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் வுட், 1889-லேயே நிர்வாகத்தில் லண்டன் ஆகிவிட்டது. ஏவன் என்றோ கிரேட்டர் மான்செஸ்டர் என்றோ முதல்தர அணி ஒன்றைத் தொடங்க யாரும் நினைக்கவும் இல்லை.

யார்க்‌ஷயர் அணி இதிலும் ஒரு படி மேலே. கவுண்டியின் பழைய எல்லைக்குள் பிறந்தவன்தான் அணியில் ஆடலாம் என்று எழுதாத சட்டம் வைத்திருந்தார்கள். பிரசவ நேரத்தில் எல்லைக்கு வெளியே இருந்த கர்ப்பிணி மனைவியை வண்டியில் ஏற்றி அவசரமாக யார்க்‌ஷயருக்கு ஓட்டி வந்த அப்பாக்களைப் பற்றி அங்கே கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் அந்த அணியின் மிகப் பெரிய பழைய கேப்டன் லார்டு ஹாக் பிறந்தது பக்கத்து லிங்கன்ஷயரில். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. அந்தச் சட்டம் முழுதாக உடைந்தது 1992-ல். வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரை முதன்முறையாக எடுத்தார்கள். ஆஸ்திரேலியாவின் கிரேக் மெக்டெர்மட் வருவதாக இருந்தது, காயத்தால் வரவில்லை. அவருக்குப் பதில் வந்தவர் 19 வயது சச்சின் டெண்டுல்கர். தட்டைத் தொப்பி போட்டுக்கொண்டு அவர் நிற்கும் அந்தக் காலத்துப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொப்பி யார்க்‌ஷயர்த் தொழிலாளியின் தொப்பி. அதை ஒருவர் தலையில் வைத்துப் படம் எடுத்தால், நீ எங்கள் ஆள் என்று அர்த்தம். பிறப்பால் மட்டுமே கிடைத்து வந்த ஒன்றை அந்த ஊர் பம்பாய்ப் பையன் ஒருவனுக்குக் கொடுத்தது எனக்கு இன்றைக்கும் நெகிழ்ச்சியாக இருக்கிறது.

கிரிக்கெட்டைவிட அழகான சாட்சி ஒன்று லண்டன் நடுவிலேயே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் நடக்கும் படகுப் போட்டி. 1829-ல் தொடங்கியது. இப்போது வசந்த காலத்தில், ஈஸ்டரை ஒட்டி, பட்னியிலிருந்து மார்ட்லேக் வரை தேம்ஸில் 6.8 கிலோமீட்டர். போட்டிக்கு முன் நாணயம் சுண்டுவார்கள். 1829-ஆம் வருடத்துத் தங்க சவரன் அது. ஜெயித்த தலைவரிடம் நடுவர் கேட்பது ஒரே கேள்வி: சர்ரேயா, மிடில்செக்ஸா? நதியின் தென்கரைப் பக்கம் சர்ரே, வடகரைப் பக்கம் மிடில்செக்ஸ். இதில் வெறும் சம்பிரதாயம் இல்லை. முதல் வளைவு மிடில்செக்ஸ் படகுக்குச் சாதகம். அப்புறம் ஹாமர்ஸ்மித் பாலத்தை ஒட்டி வரும் நீண்ட வளைவு சர்ரே படகுக்கு. கடைசி வளைவு மறுபடி மிடில்செக்ஸுக்கு. காற்று எந்தப் பக்கம், தங்கள் பையன்கள் ஆரம்பத்தில் வேகமா முடிவில் வேகமா என்றெல்லாம் கணக்குப் போட்டுத்தான் கரையைத் தேர்ந்தெடுப்பார்கள். நேர்முக வர்ணனையில் "மிடில்செக்ஸ் பக்கம் முந்துகிறது" என்று சொல்வதைப் பல லட்சம் பேர் கேட்கிறார்கள். புறப்படும் இடத்தில் இரண்டு கரையும் 1889 முதல் நிர்வாகப்படி லண்டன்தான். நதிக்கு இரண்டு கரை இருக்கும் வரை அந்த இரண்டு பெயரும் வேண்டியிருக்கிறது.

அன்றாடத்தில் இந்தப் பெயர்கள் அதிகம் தங்கியிருப்பது சமையலறையில். வூஸ்டர்ஷயர் சாஸை எடுத்துக்கொள்ளுங்கள். வூஸ்டர் நகரில் லீ, பெரின்ஸ் என்ற இரண்டு மருந்து வணிகர்கள் 1837 முதல் விற்றது. வினிகர், நெத்திலி இன மீன், வெல்லப்பாகு, நம் புளி எல்லாம் சேர்ந்தது. 1974 முதல் 1998 வரை 24 வருடம் வூஸ்டர்ஷயர் என்ற கவுண்டி நிர்வாகத்தில் இல்லை, ஹெரஃபோர்டோடு சேர்ந்து கிடந்தது. புட்டியில் பெயரை யாரும் மாற்றவில்லை. கம்பர்லண்டு சாசேஜ் இன்னும் நல்ல உதாரணம். முறுக்குப் பிழிவதுபோல் ஒரே நீளமாகச் சுற்றி வைத்து விற்பார்கள், எடை போட்டு வெட்டிக் கொடுப்பார்கள். 2011-ல் அதற்கு ஐரோப்பிய அளவில் புவிசார் குறியீடு கிடைத்தபோது நிர்வாக வரைபடத்தில் கம்பர்லண்டு இல்லாமல் 37 வருடம் ஆகியிருந்தது. "பாரம்பரியக் கம்பர்லண்டு சாசேஜ், தயாரிக்கப்பட வேண்டிய இடம் கம்ப்ரியா" என்றுதான் பதிந்தார்கள். டெவனுக்கும் கார்ன்வாலுக்கும் நடக்கும் கிரீம் டீ சண்டையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்கோன் ரொட்டியில் முதலில் கிரீம், மேலே ஜாம் என்றால் டெவன். முதலில் ஜாம், மேலே கிரீம் என்றால் கார்ன்வால். கடையில் நீங்கள் கத்தியை எதில் முதலில் வைக்கிறீர்கள் என்று பக்கத்து மேசைக்காரர் உண்மையிலேயே கவனிப்பார். யார்க்‌ஷயர் புட்டிங், லங்காஷயர் ஹாட்பாட், செஷயர் சீஸ், யார்க்‌ஷயர் டெரியர் நாய், பார்க்‌ஷயர் பன்றி என்று பட்டியல் நீளும், விட்டுவிடுகிறேன்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம் பத்திரிகைகளில் இது பாடாய்ப் படுகிறது. எழுத்தைப் பார்த்து "வொர்செஸ்டர்ஷையர்" என்று எழுதுகிறார்கள். அங்கே சொல்வது வுஸ்டர்ஷர். டெர்பி டார்பி. பெர்க்‌ஷயர் பார்க்‌ஷர். ஹெர்ட்ஃபோர்ட் ஹார்ஃபர்ட் என்பதுபோல் ஒலிக்கும். கடைசி ஷயர் தனியாக நின்றால் ஷயர். பெயரோடு ஒட்டினால் ஷர் என்று சுருங்கிவிடும். எழுதும்போது வேறு வகைச் சுருக்கம்: ஹாம்ப்‌ஷயருக்கு ஹான்ட்ஸ், பக்கிங்ஹாம்ஷயருக்கு பக்ஸ், வில்ட்‌ஷயருக்கு வில்ட்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயருக்கு லத்தீனிலிருந்து ஆக்ஸன். ஷ்ராப்‌ஷயருக்குச் சாலப். இந்தச் சாலப் என்ற சுருக்கத்தையே 1974-ல் அதிகாரப்பூர்வப் பெயராக்கிப் பார்த்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, 1980-ல் ஷ்ராப்‌ஷயர் திரும்பி வந்தது.

போரிலும் இந்தப் பெயர்கள் தோளில் ஏறின. படைப்பிரிவுகளுக்குக் கவுண்டிப் பெயர் வைப்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே பரவிவிட்டது. 1811 மே 16-ல் ஸ்பெயினில் ஆல்புவேரா என்ற இடத்தில் நெப்போலியன் படையோடு சண்டை. மேற்கு மிடில்செக்ஸ் பெயர் தாங்கிய 57-ஆவது படைப்பிரிவின் கர்னல் இங்லிஸ் அடிபட்டுக் கிடந்தபடி, எளிதில் சாகாதீர்கள், பொருதிச் சாகுங்கள் என்று தன் ஆட்களுக்குக் குரல் கொடுத்தார். அதிலிருந்து அந்தப் படைக்கு டை-ஹார்ட்ஸ் என்று பெயர் வந்தது. ரசிகர்களை இன்று டை-ஹார்டு ஃபேன் என்கிறோமே, அந்தச் சொல்லைப் புகழ்பெறச் செய்தவர்கள் அவர்கள்தான். மே 16 இன்று மிடில்செக்ஸ் தினம்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. தாவரவியலாளர் ஹியூவெட் வாட்சன் 1852-ல் செடிகளின் பரவலைக் குறிக்கக் கவுண்டிகளை அடிப்படையாக வைத்து பிரிட்டனை 112 துண்டாகப் பிரித்தார். வைஸ்-கவுண்டி என்று பெயர். மிடில்செக்ஸுக்கு எண் 21, சர்ரேக்கு 17. யார்க்‌ஷயர் பெரிது என்பதால் அதை மட்டும் ஐந்தாக வெட்டினார். இன்றும் பிரிட்டனில் ஒருவர் அபூர்வமான ஆர்க்கிட் பூவையோ வண்டையோ கண்டால் அந்த எண்ணில்தான் பதிகிறார். உள்ளாட்சி எல்லை பத்து வருடத்துக்கு ஒருமுறை நகர்ந்தால், 1860-ல் இங்கே இருந்த செடி இப்போது இருக்கிறதா என்று எப்படி ஒப்பிடுவது? நகராத எல்லை வேண்டும். குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கும் இதே தேவை. பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் பழைய கவுண்டியை வைத்துத்தான் தேட முடியும். பழைய கவுண்டி என்பது பழமைப் பற்று மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நான் முதலில் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

ரட்லண்டைச் சொல்லாமல் முடித்தால் பாவம். இங்கிலாந்தின் மிகச் சிறிய பழைய கவுண்டி, சுமார் 380 சதுர கிலோமீட்டர். அதன் லத்தீன் வாசகத்தைத் தமிழில் சொன்னால் மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது. 1974-ல் லெஸ்டர்ஷயர் விழுங்கியது. ஊர்க்காரர்கள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், 1997-ல் தனிக் கவுன்சிலாகத் திரும்பி வந்தது. அதற்கு முந்தைய வருடமே ஏவன், கிளீவ்லண்டு, ஹம்பர்சைடு மூன்றையும் அரசே கலைத்துவிட்டது. 22 வருடம்தான் தாக்குப்பிடித்தன. ஆனாலும் ஹம்பர்சைடு என்ற பெயரில் இன்றும் போலீஸ் இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது. புதுப் பெயர் எல்லாமே தோற்றுவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். மெர்சிசைடை லிவர்பூல்காரர்கள் மனதார ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 2023-ல் கம்ப்ரியா கவுன்சில் இரண்டாகி, கம்பர்லண்டு என்றும் வெஸ்ட்மர்லண்டு அண்டு ஃபர்னஸ் என்றும் பழைய பெயர்கள் திரும்பின. ஆனால் எல்லை அப்படியே திரும்பவில்லை. பழைய கம்பர்லண்டைச் சேர்ந்த பென்ரித் நகரம் இப்போது வெஸ்ட்மர்லண்டு கவுன்சிலில் இருக்கிறது. அதனால் கவுன்சில் பெயரை வைத்துக் கவுண்டியைத் தீர்மானிக்காதீர்கள்.

லண்டன் தமிழர்களுக்கு இதை விளக்க எனக்கு எளிதான வழி நம் கோயில்கள். ஈலிங் கனகதுர்க்கை அம்மனும் ஹைகேட் முருகனும் இருப்பது மிடில்செக்ஸ். விம்பிள்டன் பிள்ளையார் சர்ரே. ஈஸ்ட் ஹாம் முருகன் எசெக்ஸ். லூயிஷம் சிவன் கென்ட். தேர்த் திருவிழாவுக்கு ஒரு கோடையில் இந்த ஐந்துக்கும் போய் வந்தவர் நான்கு பழைய கவுண்டிகளைச் சுற்றி வந்தவர். அமெரிக்காவில் சொந்தம் இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். நியூ ஜெர்சியில் நம்மவர்கள் நிறைய இருக்கும் எடிசன் ஊரும் மிடில்செக்ஸ் கவுண்டியில்தான் இருக்கிறது. குடியேறியவர்கள் கடல் தாண்டி எடுத்துப் போன பெயர்.

இனி முகவரி விஷயம். 1965-க்குப் பிறகும் ஹாரோ, வெம்பிளி, ட்விக்கனம் போன்ற ஊர்களுக்குத் தபால் துறை மிடில்செக்ஸையே அஞ்சல் கவுண்டியாக வைத்திருந்தது. 1996-ல் கவுண்டிப் பெயரே முகவரிக்குத் தேவையில்லை என்று ராயல் மெயில் முடிவு செய்தது. அஞ்சல் ஊரும் அஞ்சல் குறியீடும் சரியாக இருந்தால் கடிதம் வந்துவிடும். கவுண்டியையும் சேர்த்து எழுதினால் அதனால் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை. இணையப் படிவங்களில் இன்னும் கவுண்டி என்று ஒரு கட்டம் இருக்கும், சிலவற்றில் அது கட்டாயம். நான் ஒரு காப்பீட்டுப் படிவத்தில் மிடில்செக்ஸ் என்று போட்டேன், வங்கிக் கணக்கில் கிரேட்டர் லண்டன் என்று இருந்தது. இரண்டும் பொருந்தவில்லை என்று சொல்லி முகவரிச் சான்று கேட்டு மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். சித்தப்பாவிடம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லுங்கள், அது போதும்.

2013-ல் செயின்ட் ஜார்ஜ் தினத்தன்று, உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த எரிக் பிக்கிள்ஸ், 39 பழைய கவுண்டிகளும் ஆங்கிலேய வாழ்வின் அங்கமாகத் தொடர்வதை அரசு ஏற்கிறது என்று வெளிப்படையாகவே அறிவித்தார். அடுத்தடுத்து சாலையோரத்தில் பழைய எல்லைகளைக் காட்டும் பலகை வைக்கவும், கவுண்டிக் கொடி ஏற்றவும் விதிகள் தளர்ந்தன. மே மாதம் நீங்கள் சித்தப்பா வீட்டுக்குப் போக வாய்த்தால் 16-ஆம் தேதியை ஒட்டிப் போங்கள். சிவப்புத் துணியில் மூன்று வளைந்த சாக்சன் வாள், மேலே பொன்னிறக் கிரீடம்: அதுதான் மிடில்செக்ஸ் கொடி. கிரீடம் இல்லாமல் வாள் மூன்று மட்டும் இருந்தால் அது எசெக்ஸ்.